ஜெனரலுக்கு மூன்று தங்கைமார்

நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே செத்துப்போன ஒரு ஜெர்மன் படைத் தலைவரின் வாழ்க்கை எனக்கு மனப்பாடம். அதை நான் ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. எரிச்சல்பட்டுப் படித்தேன். எங்கள் பக்கத்தில் பொறாமையை எரிச்சல் என்றுதான் சொல்வோம். எங்கே எரிகிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் இன்றைக்கும் சரியாகக் காட்டுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் தெற்கே, பலெர்மோவில் லிபெர்த்தா பகுதியில், ஐந்தாம் மாடியில், ஒரு சிஞ்ஞோராவின் வீட்டில் எனக்கு வேலை. வீட்டு அம்மாவை அங்கே சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். எண்பதைத் தாண்டிய விதவை அவர். கணவர் வழக்கறிஞராக இருந்து காலமானவர், பிள்ளைகள் இல்லை. கண் மங்கிப்போயிருந்தது. எதிரே ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. நான் காலை ஏழு மணிக்குப் போய், கோப்பி வைத்து, கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்து, மதியம் சமைத்துக் கொடுத்துவிட்டு இரண்டு மணிக்கு இறங்குவேன். அப்படி ஐந்து வருடம்.

முன்னறைச் சுவரில் ஜெனரல் இருந்தார். சிஞ்ஞோராவின் அம்மாவைப் பெற்றவர். மீசையும் கிருதாவும் ஒன்றாகிக் கன்னத்தை மூடியிருக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிற முகம். படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டியில் அவருடைய கூர் வைத்த தலைக்கவசம். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி நிறையக் கடிதங்கள். இளைய வயதில் கடல் பார்க்க வந்து, இந்த ஊர் எலுமிச்சை வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்ட சிஞ்ஞோராவின் அம்மா கொண்டுவந்த சீதனம் அது. திங்கட்கிழமைகளில் நான் ஜெனரலுக்குத் தூசு தட்டுவேன். ஐந்து வருடமாகத் தட்டியும் அவர் யார், எந்தச் சண்டையில் நின்றார் என்று ஒருநாள் கேட்டதில்லை. என் கண் எல்லாம் வேறொன்றில் இருந்தது.

சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. பழைய தையல் இயந்திரம், உடைந்த நாற்காலி, ஒரு ஜன்னல். என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட எனக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இருந்தது, வேலை இருந்தது, ஆனால் தங்க ஒழுங்கான இடம் உண்டு என்று கடிதம் காட்டாமல் கொஸ்தூராவில், அந்தப் பொலிஸ் அலுவலகத்தில், விண்ணப்பத்தைக் கையில்கூட வாங்கமாட்டார்கள். நானோ ஐந்து ஆண்களோடு ஒரே அறையில் படுக்கிறவன். சிஞ்ஞோரா அந்தப் பின்னறையை எனக்கென்று எழுதிக் கொடுத்தால் போதும். மனதுக்குள் நான் அங்கே கட்டில் போட்டு, மகளுக்கு ஜன்னலோரம் மேசையும் வைத்துவிட்டேன். வாய் திறந்து கேட்கத்தான் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் அவன் வந்தான். கூட்டிவந்ததும் நான்தான். கோடையில் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு ரெஸ்ரோறண்டில் எனக்குப் பின்னேரக் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. சிஞ்ஞோராவும் தனக்கு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு ஆள் வேண்டும் என்றார். கோயிலில் கண்டு பழகிய மன்னார்க்காரன் ஒருவனைச் சொல்லிவிட்டேன். என்னைவிட மூன்று வயது இளையவன். ஜெர்மனியில் நாலு வருடம் அகதி முகாமில் இருந்து, விண்ணப்பம் தள்ளுபடியாகி, ரயிலேறித் தெற்கே வந்தவன். வேலை என்று பார்த்தால் சுத்த மோசம். அவன் அயர்ன் பண்ணிய சட்டையில் புதிதாக இரண்டு மடிப்பு விழுந்திருக்கும். இப்படிப்பட்டவன் எனக்குப் போட்டியாக வருவான் என்று யார் கண்டது?

அவன் வேலைக்கு வந்து ஒரு கிழமைதான். காலையில் நான் போனபோது சிஞ்ஞோரா தலைவாரி, கழுத்தில் மணிமாலை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அவனுக்கு ஜெர்மன் தெரியும் என்று நீ ஏன் எனக்குச் சொல்லவில்லை?” என்று கேட்டார்.

“கேட்கவில்லையே, சிஞ்ஞோரா.”

“நேற்று ஜெனரலின் கடிதம் வாசித்தான். என் அம்மா செத்த பிறகு இந்த வீட்டில் அந்தக் கடிதத்தை யாரும் வாசித்ததில்லை.”

ஐந்து வருடம் அவருடைய கால் விரல் நகம்வரை வெட்டிவிட்டவன் நான். எனக்காக அவர் ஒருநாளும் மாலை போட்டதில்லை.

அதிலிருந்து அந்த வீட்டில் மூன்று ஆண்கள் ஆகிவிட்டோம்: நான், அவன், ஜெனரல். பின்னேரம் அவன் வாசிப்பான். மறுநாள் காலை நான் கோப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்ததும் சிஞ்ஞோரா தொடங்குவார்: “ஜெனரல் நேற்று எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா?” எனக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் காது கொடுத்தேன். எரிச்சல்காரனைப்போலக் கவனமாகக் கேட்கிறவன் வேறு யாரும் இல்லை.

இப்படித்தான் அவருடைய கதை எனக்கு வந்தது. ஜெர்மனி ஒரே நாடாக ஆவதற்கு முன், கிழக்கே ஒரு மூலையில், நிலம் இருந்தும் வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் வெள்ளெனச் செத்துப்போக, பதினொரு வயதில் படைப்பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். விடியமுன் ஐஸ் தண்ணீரில் முகம் கழுவ வேண்டும், அழுதால் சாப்பாடு இல்லை. பதினெட்டில் லெப்டினன்ட். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் சண்டையே இல்லாத ஒரு சின்ன ஊர்ப் பாசறையில் புது ஆட்களுக்கு இடது வலது சொல்லிக் கொடுத்துக் காலம் போயிற்று. பிறகு ஏழு வருடத்துக்குள் மூன்று போர்கள் வந்தன. முதலில் டென்மார்க், அடுத்தது ஆஸ்திரியா, கடைசியில் பிரான்ஸ். ஆஸ்திரியாவுடனான போரில் தன் ஆட்களைக் கோதுமை வயலின் ஊடாக நடத்திப் போனார். பிரான்சில் குதிரை சுடப்பட்டு விழுந்து, அன்றிலிருந்து இடது காலை இழுத்து நடந்தார். நாடு ஒரே பேரரசு ஆனபின் கர்னல், அதற்குப் பிறகு ஜெனரல், கடைசியில் ஒரு கோட்டைக்குப் பொறுப்பதிகாரி. மூன்று போரைப் பார்த்தவர், தன் கட்டிலில், மருத்துவர் பக்கத்தில் நிற்கச் செத்தார்.

கதையின் இந்த எலும்புக்கூடு சிஞ்ஞோராவுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். வீட்டுக்குள் இருக்கும் நடைபாதைச் சுவரில் ஜெனரலின் பதவி உயர்வுப் பத்திரங்கள் வரிசையாகத் தொங்கின. சதையும் இரத்தமும் மன்னார்க்காரன் வாசித்த கடிதங்களில் இருந்தன. ஆற்றைக் கடக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் ஜெனரல், என் ஆட்களுக்கு ஒன்றும் நேராமல் அக்கரை சேர்ந்தால் வெறுங்காலோடு மலையேறி வருகிறேன் என்று ஒரு புனிதருக்கு நேர்த்தி வைத்தாராம். போர் முடிந்ததும், அந்த நொண்டிக் காலோடு ஏறினாராம். அதைக் கேட்ட ஞாயிறு நான் பெல்லெக்ரீனோ மலைக்குப் போனேன். எங்கள் சனம், வேதக்காரர் சைவக்காரர் என்றில்லாமல், ரோசாலியா மாதாவிடம் வெறுங்காலோடு ஏறுகிற மலை. ஏறும்போது ஜெனரலை நினைத்துக் கண் கலங்கியது. எதிரியின் வாயிலிருந்து வந்த கதை இப்படி நெஞ்சைத் தொடுகிறதே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல்பட்டேன்.

இன்னொரு நாள் சிஞ்ஞோரா கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஜெனரல் நாற்பத்தைந்து வயதுவரை ஏன் கலியாணம் முடிக்கவில்லை என்று நேற்று வாசித்தானாம். ஜெனரலுக்கு மூன்று தங்கைமார். அவர்களை ஒவ்வொருவராகக் கரை சேர்க்கும்வரை தான் மாப்பிள்ளையாகமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். புதுக் கோட்டு தைக்காமல் பழையதைப் பிரித்து உட்புறம் வெளியே வரத் தைத்துப் போட்டுக்கொண்டார்.

“எப்படிப்பட்ட மனிதர்!” என்றார் சிஞ்ஞோரா.

நான் தலையாட்டிவிட்டுப் போய், மன்னார்க்காரன் உட்காரும் நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளி இருட்டு மூலையில் வைத்தேன். நான் செய்த சின்னத்தனங்கள் கொஞ்சமல்ல. அவனுக்கு எடுத்துவைக்கும் கோப்பியில் தண்ணீர் கலந்தேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை அலுமாரிக்குள் தள்ளினேன். அவனுடைய இத்தாலியன் சரியில்லை, கடைக்காரன் சிரிக்கிறான் என்று சிஞ்ஞோராவின் காதில் போட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. ஆறு மணிக்கு அவன் போகும்போது கதவுவரை வந்து வழியனுப்பினார் என்று கட்டடத்துக் காவல்காரி சொன்னாள்.

ஈஸ்டருக்குப் பிறகு சிஞ்ஞோரா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. மிலானோவில் இருக்கும், மகன் முறையான பெறாமகன் தொலைபேசியில் சத்தம் போட்டான், வீட்டோடு ஒரு ஆள் தங்க வேண்டும் என்று.

“பின்னறையை உங்கள் இருவரில் ஒருவனுக்குக் கொடுக்கப் போகிறேன், யோசித்துச் சொல்கிறேன்” என்றார் சிஞ்ஞோரா.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த வார்த்தை என்னைக் கொன்றுபோட்டது. நான் ஜன்னலோரம் வைத்த மேசையை யாரோ தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பத்திரங்களைத் துடைத்துக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு பெரிய சட்டம் இருக்கும். குடும்ப மரம். ஒரு ஓக் மரத்தை வரைந்து, இலைக்கு இலை பெயர் எழுதியிருப்பார்கள். ஜெனரலின் இலையைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கிளையில் அவர் தனியாக இருந்தார். பக்கத்தில் இலை இல்லை. கண்ணாடியை இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தேன். தங்கையும் இல்லை, தம்பியும் இல்லை. தகப்பன் தாய்க்கு ஒற்றைப் பிள்ளை.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. மரப்பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன். எழுத்தெல்லாம் ஈர்கொல்லிச் சீப்பின் பற்கள்போல ஒரே மாதிரி நிமிர்ந்து நின்றன. அன்று பின்னேரம் மொண்டெல்லோவில் சாப்பிட வந்த ஒரு ஜெர்மன்காரர் எழும்பிப் போகும்போது ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் காட்டினேன். கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், மனைவியிடம் கொடுத்தார், இருவரும் சிரித்தார்கள். அரைகுறை இத்தாலியனில் சொன்னார், இது பழைய கையெழுத்து, இப்போது பள்ளியில் சொல்லிக் கொடுப்பதில்லை, தன் தாத்தா இருந்தால் வாசித்திருப்பார் என்று.

மறுநாள் இரண்டு மணிக்கு அவனை மாடிப்படியில் மறித்தேன். கடிதத்தை நீட்டி, “இதை வாசி பாப்பம்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். படியிலேயே உட்கார்ந்துவிட்டான். “ஏலாது அண்ணை.”

“அப்ப இவ்வளவு நாளும் வாசிச்சது?”

“முதல் நாள் மனிசி பெட்டியைத் திறந்து கையிலை தந்தவ. எனக்குக் கதைக்கத் தெரியும், அச்செழுத்து வாசிப்பன். இது ஒண்டும் விளங்கேல்லை. தெரியாதெண்டு சொல்லத்தான் வாயைத் துறந்தனான். அவவின்ரை முகத்தைப் பாத்திட்டுச் சொல்ல ஏலாமல் போச்சு.”

“அதுக்கு அந்தாளுக்கு மூண்டு தங்கச்சியைக் குடுக்கிறதோ?”

“அது என்ரை தங்கச்சிமார் அண்ணை. எனக்கு வேறை ஆற்றை கதை தெரியும்?”

நாற்பது வயதில் காதோரம் நரைத்துப்போயிருந்தான். கடைசித் தங்கைக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை என்பது கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கும் தெரியும். தெரிந்தும் அதுவரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ” என்றான்.

“எனக்கென்ன விசரா? நான் ஏன் சொல்லுறன்?” என்றேன்.

மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் காலை சொன்னேன். சொன்னது மட்டுமல்ல, சிஞ்ஞோராவைக் கைப்பிடித்து நடைபாதைக்குக் கூட்டிப்போய், அவருடைய விரலை எடுத்துக் கண்ணாடிமேல், ஜெனரலின் இலைக்குப் பக்கத்து வெறுமையில் வைத்தேன். “உங்களை ஒருவன் ஏமாற்றுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, சிஞ்ஞோரா” என்றேன். என் குரல் எனக்கே உருக்கமாகக் கேட்டது.

அவர் விரலை எடுத்துக்கொண்டார்.

“என் அம்மாவின் அப்பாவுக்குத் தங்கை இல்லை என்று நீ எனக்குச் சொல்கிறாயா?”

கண்ணாடியில் பதிந்த விரல் அடையாளத்தைச் சட்டைக் கையால் துடைத்தேன்.

“அவர் புரட்டஸ்தாந்துக்காரர். அவர்கள் புனிதர்களுக்கு நேர்த்தி வைப்பதில்லை. வெறுங்காலோடு மலையேறினார் என்று அவன் வாசித்தபோதே எனக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் பெல்லெக்ரீனோவுக்கு ஏறுவதை நான் கண் தெரிந்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.”

முகம் கொடுக்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். இருந்தாலும் விட மனம் வரவில்லை. “தெரிந்தும் ஏன் கேட்டீர்கள்?” என்றேன்.

“அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது தெரியுமா உனக்கு?” என்று கேட்டுவிட்டு, சுவரைத் தடவித் தடவிப் போய் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்தார். நான் பின்னால் போய் நின்றேன்.

“ஞாயிற்றுக்கிழமைகளில் என் அம்மா வாசித்துக் காட்டுவாள். முழுவதும் எனக்குத் தெரியும். படைப்பள்ளியில் இவரோடு படித்த ஒருவன் இருந்தான். எல்லாக் கடிதமும் அவனைப் பற்றித்தான். அவன் முந்திக் கப்டன் ஆகிவிட்டான். அவனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அரசர் அவனோடு இரண்டு நிமிடம் பேசினார், தன்னோடு பேசவில்லை. நாற்பத்தைந்து வயதுவரை கலியாணம் முடிக்காததும் அதனால்தான். அவன் தன்னைவிட மேலே நிற்கும்போது ஒரு பெண்ணின் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறார்.”

தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்:

“பிரான்சில் சில பையன்கள் பயந்து ஓடும்போது சுடப்பட்டார்கள். கூடப் படித்த அந்த மனிதன் அவர்கள் முன்னேறிப் போகும்போது செத்ததாக அறிக்கை எழுதினான், தாய்மார் தலைநிமிர்ந்து நடக்கட்டும் என்று. இவருக்கு அது தெரியும். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சமாதானம் வந்து சில வருடம் கழித்து, இருவரில் ஒருவருக்கு ஒரு பெரிய பதவி என்று வந்தபோது மந்திரிக்கு எழுதிவிட்டார். அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் ஜெனரல் ஆனார். நீ தூசு தட்டுகிறாயே, அந்த நடுப் பத்திரம், அது அதுதான்.”

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தலைக்கவசத்தைப் பார்த்தேன்.

“அவர் நான் பிறக்கமுன் செத்துப்போனார். முகம் படத்தில் இருக்கிறது. குரல் எப்படி இருந்திருக்கும் என்று சின்ன வயதிலிருந்து யோசிப்பேன்” என்றார் சிஞ்ஞோரா. “இப்போது நடைபாதையில் கேட்டேன்.”

அடி வாங்கியவன் நின்ற இடத்திலேயே நிற்பான். நானும் நின்றேன். கோபம் வந்தது, வெட்கம் வந்தது. அதற்குள்ளும் அறை போய்விட்டதே என்ற எண்ணம்தான் எல்லாவற்றுக்கும் மேலே மிதந்தது.

“அறையை நீ எடுத்துக்கொள்” என்றார். “உனக்கு மனைவி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நீ இந்த வீட்டில் இருக்கக்கூடாது. அவன் வந்து வாசிப்பான். எனக்குத் தெரியும் என்று அவனுக்குச் சொல்லாதே. இந்த வாக்கையாவது காப்பாற்று.”

காப்பாற்றினேன். ஒரு வருடம் இழுத்தடித்து விசா வந்தது. கட்டில் வாங்கினேன். லிப்டுக்குள் போகவில்லை. ஐந்து மாடிக்கும் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை மன்னார்க்காரனும் தூக்கி ஏறினோம். அவன் கீழ்ப்பக்கம் பிடித்தான், பாரம் முழுக்க அவன்மேல். ஒவ்வொரு மாடியிலும், “அண்ணை, கொஞ்சம் இளைப்பாறுங்கோ” என்றான். நான் காட்டிக்கொடுத்தது அவனுக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். பின்னேரங்களில் நான் மொண்டெல்லோவில் கோப்பை கழுவ, மனைவி சிஞ்ஞோராவின் வீட்டில் இருந்தாள். ஒருநாள் ஆறு மணி கழித்து வந்தேன். மகள் ஜன்னலோரம் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி சோற்றைப் போட்டபடி சொன்னாள்:

“அந்தண்ணை நல்ல மனுசன். ஜெனரலின்ரை கதை முழுக்க எனக்குத் தமிழிலை சொன்னவர். தங்கச்சிமாரிலை எவ்வளவு பாசம்!”

“ம்” என்றேன். அதுகூடப் பொய் என்று சொல்லிவிட நாக்கின் நுனிவரை வந்தது. அவள் சாப்பாட்டை மறந்து அவனுடைய கதையைச் சொல்கிறாளே என்று அந்தப் பழைய இடத்தில் எரிந்தது.

“நான் அவரை வேறை மாதிரி நினைச்சிருந்தனான்” என்றாள். “நீங்கள் எழுதினதை வச்சு. அவன் வந்தான், மனிசி அவனுக்காக மாலை போட்டுக்கொண்டு இருக்கிறா, அவனைக் கதவடியிலை வந்து அனுப்புறா. கடைசி வருசக் கடிதம் முழுக்க அவர்தானே. பிள்ளைக்குச் சின்னம்மை வந்ததெண்டு நான் எழுதினதுக்குக்கூட மறுமொழி இல்லை.”

கையில் எடுத்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். “அந்தக் கடிதங்கள் எங்கை?” என்று கேட்டேன்.

“எல்லாம் கொண்டந்திருக்கிறன்” என்றாள். “பிள்ளை வளந்து வாசிக்கட்டும் எண்டு ஒண்டும் எறியேல்லை.”